ஏறுவது நின்றது, இறங்கவில்லை

"பணவீக்கம் குறைஞ்சிட்டுது எண்டு நியூஸில சொல்லுறாங்கள். அப்ப ஏன் சந்தைக்குப் போனா காசு காணாமல் போகுது?" இலங்கையில் கடந்த சில வருடங்களில் இந்தக் கேள்வி எழாத வீடு இருக்காது. கேட்பவருக்குப் பொருளாதாரம் விளங்கவில்லை என்று படித்தவர்கள் பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ கேட்பவர்தான் விஷயத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார் என்று படுகிறது. செய்தியும் பொய்யில்லை, சந்தைக்குப் போய் வந்தவர் சொல்வதும் பொய்யில்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பதை யாரும் உட்கார்ந்து விளக்கவில்லை, அவ்வளவுதான்.

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம். உணவுப் பொருட்களை மட்டும் எடுத்தால் 94.9 சதவீதம். அடுத்த வருடம் அதே செப்டெம்பரில் அது 1.3 சதவீதத்துக்கு வந்துவிட்டது. 69.8 எங்கே, 1.3 எங்கே! கேட்கும்போது நெருக்கடி தீர்ந்த மாதிரித்தான் இருக்கும். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கிய சாமான், 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபா. அதற்கு மேல் 1.3 சதவீதம் சேர்த்தால் 2023 செப்டெம்பரில் 172 ரூபா. அந்த 70 ரூபா எங்கேயும் போகவில்லை. பனையில் ஏறுகிறவர் பாதியில் நின்றுவிட்டார் என்றால் கீழே இறங்கிவிட்டார் என்று அர்த்தம் இல்லையே. பணவீக்கம் சொல்வது அவர் எவ்வளவு வேகமாக ஏறுகிறார் என்பதை. வீட்டுச் செலவுக்கு வேண்டியது அவர் எந்த உயரத்தில் நிற்கிறார் என்பது.

நியாயமாக ஒன்றையும் சொல்லவேண்டும். 2024 செப்டெம்பரிலிருந்து பல மாதங்கள் பணவீக்கம் பூச்சியத்துக்குக் கீழேயும் போனது, அதாவது விலைகள் சராசரியாகக் கொஞ்சம் இறங்கின. இறங்கியதில் பெரும்பகுதி மின்கட்டணமும் எரிபொருளும். 2025 இன் நடுவில் அதுவும் முடிந்தது. எல்லாம் கழித்துக் கூட்டினாலும் பழைய 100 ரூபாச் சாமான் இன்றைக்கும் 170ஐச் சுற்றித்தான் நிற்கிறது. ஆகவே நெருக்கடி முடிந்ததா என்று பார்க்க நான் பார்ப்பது விலைப் பக்கத்தை இல்லை, சம்பளப் பக்கத்தை. 100 ரூபா உழைத்தவர் இப்போது 170 ரூபா உழைக்கிறாரா? இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றி வரும்.

எப்படி இந்த இடத்துக்கு வந்தோம் என்பது பலருக்குத் தெரிந்த கதை, சுருக்கமாகச் சொல்கிறேன். 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளோடு சுற்றுலாத்துறை விழுந்தது. அந்த வருடக் கடைசியில் புதிய அரசாங்கம் பொருட்களின் விலையோடு சேரும் வற் வரியை 15 சதவீதத்திலிருந்து 8 ஆக்கியது, வேறு சில வரிகளையும் நீக்கியது. அடுத்து கொரோனா. அரசாங்கத்துக்கு வருமானம் போதாமல் மத்திய வங்கி பணம் அச்சிட்டது. வெளிநாட்டுக் கடனைக் கட்டிக் கட்டி, 2019 முடிவில் 7.6 பில்லியன் டொலராக இருந்த கையிருப்பு 2021 முடிவில் ஏறக்குறைய 3 பில்லியனுக்குச் சுருங்கியது. இடையில் 2021 மே மாதம் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு, நவம்பரில் அதை எடுத்தார்கள், அதற்குள் ஒரு போகம் போய்விட்டது. 2022 ஏப்ரல் 12 அன்று, இனி வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று நாடு அறிவித்தது. மே தொடக்கத்தில் உடனே எடுத்துச் செலவு செய்யக்கூடிய டொலர் 50 மில்லியன்கூட இல்லை என்று நிதியமைச்சர் பாராளுமன்றத்தில் சொன்னார்.

இதில் வீட்டு வாழ்க்கையோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒரு முடிவு இருக்கிறது. டொலரின் விலையை 203 ரூபாவுக்கு மேலே போகவிடாமல் 2022 மார்ச் 7 வரை பிடித்து வைத்திருந்தார்கள். மக்களுக்கு விலை ஏறக்கூடாது என்பதுதான் சொன்ன காரணம். விலையும் ஏறியது, சாமானும் இல்லாமல் போனது. வங்கியிடம் டொலர் இல்லாததால் இறக்குமதிக்கு எல்.சி., அதாவது விற்பவருக்குக் காசு வரும் என்று வங்கி கொடுக்கும் உறுதிப் பத்திரம், திறக்க முடியவில்லை. கொழும்புத் துறைமுகத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கொள்கலன்கள் உணவுப் பொருட்களோடு தேங்கிக் கிடந்தன. பால்மாவுக்கு வரிசை, காஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை.

வரிசை என்பதும் ஒரு விலைதான். காசாக வாங்காமல் நேரமாக வாங்குகிறார்கள். மண்ணெண்ணெயை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 ஓகஸ்ட் 21 வரை ஒரு லீற்றர் 87 ரூபா. வடக்கில் சிறு படகுகளின் வெளியிணைப்பு எஞ்சின்கள் ஓடுவது மண்ணெண்ணெயில். வெங்காயத் தோட்டக்காரர்கள் பலர் கிணற்று நீர் இறைப்பதும் அதில்தான். 87 ரூபா என்று எழுதியிருந்ததே தவிர எண்ணெய் இல்லை. விடியப்புறம் கானை வரிசையில் வைத்துவிட்டு மத்தியானம் வரை நின்று வெறுங்கானோடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். அன்று கடலுக்குப் போகவில்லை, அன்றைய உழைப்பு இல்லை. அந்த நாள் கூலியையும் சேர்த்தால் ஒரு லீற்றர் என்ன விலை? ஓகஸ்டில் அதை 340 ரூபாவாக்கினார்கள், ஒரே நாளில் ஏறத்தாழ நான்கு மடங்கு. அதன்பிறகு எண்ணெய் கிடைக்கத் தொடங்கியது, ஆனால் அந்த விலைக்கு அடித்துக் கடலுக்குப் போய் சூடையும் சாளையும் பிடித்துக் கரைக்கு வந்தால் கட்டுமா என்ற கணக்கு தொடங்கியது. முன்னே உழைக்க முடியவில்லை, பின்னே உழைத்தால் மிஞ்சவில்லை. கட்டுப்பாட்டு விலையில் ஏழைகள் தப்பிப் பிழைத்தார்கள் என்று யாராவது சொன்னால் இந்தக் கரையோரத்துக்கு வந்து கேட்கச் சொல்லலாம்.

ஓட்டோக்காரர்களின் நிலைமை வேறு மாதிரி. 2021 டிசம்பரில் 177 ரூபாவாக இருந்த பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470 ரூபா. அதே ஜூன் 27 முதல் இரண்டு வாரம் அத்தியாவசிய சேவைகளைத் தவிர யாருக்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தார்கள். பிறகு எரிபொருளைப் பங்கிட கியூஆர் அட்டை வந்தது. தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5, காருக்கு 20. வாடகை ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஓட்டம். மிச்ச நாட்களில் வண்டி வீட்டு முற்றத்தில் நிற்கும், வண்டி வாங்கிய கடனின் லீசிங் தவணை மட்டும் மாதம் தவறாமல் வரும். அந்த வருடம் ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் ஏற்றியிருந்தது, ஆகவே புதுக்கடன் எடுத்துப் பழைய கடனைக் கட்டும் வழியும் அடைபட்டது. கியூஆர் முறையைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும்: அது வந்தபிறகு நாட்கணக்காக நிற்கும் வரிசை குறைந்தது, இருந்ததைக் கொஞ்சம் நியாயமாகப் பங்கிட்டது. அதை நான்கு மாதம் முன்னதாகச் செய்திருந்தால், வெயிலில் நின்று வரிசையிலேயே உயிர்விட்ட முதியவர்களில் சிலராவது பிழைத்திருப்பார்கள்.

டொலரைப் பிடித்து வைத்ததில் இன்னொரு வினையும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தயங்குவார்கள், ஆனால் பேசாமல் இந்தக் கதை முழுமையாகாது. வங்கியில் டொலருக்கு 203 ரூபா கிடைத்தபோது வெளியில் 240க்கும் மேலே போனது. கட்டாரில் வேலை செய்கிற ஒருவர், கனடாவில் இருக்கிற ஒரு மாமா, வங்கியால் அனுப்புவாரா, வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலால் அனுப்புவாரா? நூறு டொலருக்கு நாலாயிரம் ரூபா வித்தியாசம் என்றால் எந்தக் குடும்பமும் உண்டியலைத்தான் கேட்கும். எங்கள் பக்கத்தில் போர்க் காலத்திலிருந்தே பழகிய வழியும் அது. 2020 இல் வங்கிகள் மூலம் 7.1 பில்லியன் டொலராக வந்த வெளிநாட்டுப் பணம் 2021 இல் ஏறத்தாழ 5.5 பில்லியன், 2022 இல் 3.8 பில்லியன். வீட்டுக்குக் காசு வந்தது, டொலர் நாட்டுக்குள் வரவில்லை. டொலர் வராததால் எண்ணெய்க் கப்பலுக்குக் கட்ட முடியவில்லை. அந்த நாலாயிரம் ரூபாவைக் கூடுதலாக வாங்கிய வீட்டுப் பிள்ளையும் பெற்றோல் வரிசையில்தான் நின்றது. இதற்காக அந்தக் குடும்பங்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொய்யான ஒரு விலையைச் சட்டமாக்கினால் சனம் அதைச் சுற்றிப் போகத்தான் செய்யும். 2023 இல் விலை வித்தியாசம் இல்லாமல் போனதும் வங்கிப் பணம் திரும்பவும் 6 பில்லியனை நெருங்கியதே அதற்குச் சாட்சி.

இந்த வெளிநாட்டுக் காசு ஒரே ஊருக்குள் இரண்டு ஊரை உண்டாக்கியது. மாதம் 100 டொலர் வருகிற வீட்டுக்கு முன்பு 20,000 ரூபா. ரூபா விழுந்து டொலர் 360க்குப் போனதும் அதே 100 டொலர் 36,000 ரூபா. வருமானம் 80 சதவீதம் ஏறியது, சாமான் விலை 70 சதவீதம் ஏறியது. அந்த வீட்டுக்கு நெருக்கடி என்பது வரிசையும் கரண்டு வெட்டும்தான், சட்டி காயவில்லை. பக்கத்து வீட்டில் மேசன் வேலைக்குப் போகிறவருக்கு இந்தக் கணக்கு இல்லை. அவருக்குச் சீமெந்து ஒரு வருடத்தில் ஏறத்தாழ மூன்று மடங்கு விலையாகி, கட்டிக்கொண்டிருந்த வீடுகள் அரையில் நின்று, வேலையே இல்லை. இருவரும் ஒரே கடையில், ஒரே விலைக்கு, ஒரே அரிசியை வாங்குகிறார்கள். மலையகத்திலும் வன்னியிலும் முதல் வகை வீடு குறைவு, இரண்டாம் வகை வீடு அதிகம். வறுமை 2021க்கும் 2022க்கும் இடையில் ஏறத்தாழ இரட்டிப்பாகி, நாட்டில் நான்கில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே என்று உலக வங்கி கணித்தது. அந்த நான்கில் ஒருவர் எல்லாத் தெருவிலும் சமமாகப் பரவி இருக்கவில்லை.

கடைக்கு வருவோம். விலை ஏறினால் சனம் என்ன செய்யும் என்று கேட்டால், குறைவாக வாங்கும் என்பது பதில். உண்மையில் நடந்தது அதைவிட நுணுக்கமானது. 400 கிராம் பால்மாப் பைக்கற் 2021 இல் 380 ரூபாவாக இருந்து 2022 மார்ச்சில் 790 ஆனது. அந்த வாரமே தேநீர்க் கடைகளில் பால் தேநீர் 100 ரூபா என்றார்கள். எங்கள் தெருக் கடையில் அதன்பிறகு 400 கிராம் பைக்கற் முன் தட்டிலிருந்து பின்னுக்குப் போனது. முன்னே வந்தது சின்னச் சின்னப் பைக்கற்றுகள். பருப்பு 100 கிராம், சீனி 100 கிராம், தேங்காயெண்ணெய் சின்ன மருந்துப் போத்தல் அளவு. பெரிய பைக்கற் இல்லையா அண்ணை என்று கேட்டதற்கு, "கிடக்குது தம்பி, ஆர் வாங்கீனம்? மாதக் கடைசியில வந்து கேட்டுப் பார், நூறு கிராம்கூட கொப்பியிலதான் போகும்" என்றார்.

நூறு நூறு கிராமாக வாங்கினால் கிலோ விலை கூடத்தான் வரும், அது வாங்குகிறவருக்கும் தெரியும். ஆனாலும் வாங்குவதற்குக் காரணம் இருக்கிறது. நாள் கூலிக்குப் போகிறவர் கையில் ஒரு கிலோவுக்கான காசு ஒரே நேரத்தில் இருப்பதில்லை. இருந்தாலும் அதைப் பருப்பில் போட்டுவிட்டால் நாளைக்குப் பிள்ளையின் பஸ் காசுக்கு எங்கே போவது? ஆகவே இன்றைக்கு வேண்டியதை இன்றைக்கு மட்டும் வாங்குகிறார். கையில் காசு குறைந்தவர் அதே சாமானுக்குக் கூடுதல் விலை கொடுப்பது இப்படித்தான். புள்ளிவிபரத் திணைக்களம் கணக்கெடுக்கும் விலையில் இந்த வித்தியாசம் எவ்வளவு பிடிபடுகிறதோ, கடைக்கார அண்ணையின் கொப்பியில் முழுவதும் பிடிபட்டிருக்கும்.

அந்தக் கொப்பிக் கடன் பற்றியும் ஒரு வார்த்தை. விலை ஏறும் காலத்தில் கடனுக்குக் கொடுப்பது கடைக்காரருக்கு நட்டம். 300 ரூபாவுக்கு எழுதிய சாமானுக்குக் காசு வரும் நாளில் அதே சாமானை அவர் 380க்குக் கொள்முதல் செய்யவேண்டி வரும். ஆகவே 2022 நடுவில் பல கடைகளில் கொப்பி மூடப்பட்டது. ஈவிரக்கம் இல்லாமல் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், முதல் கரைந்துபோனால் கடையே இல்லை. ஆனால் பொல்லாத காலத்தில் தாங்கிப் பிடிக்கிற கை, அந்தக் காலம் வந்ததும் தானே விலகவேண்டி வந்தது. அங்கே விலகியதை அடகுக் கடையும் வங்கி அடகுப் பிரிவும் நிரப்பின. தங்கத்தின் விலை ரூபாவில் ஏற ஏற, ஏற்கனவே அடகில் கிடந்த சங்கிலியை மறு அடகு வைத்து இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று ஆனது. கேட்க நல்ல செய்தி போல இருந்தது. மீட்கவேண்டிய தொகையும் அதோடு ஏறியது. மகளுக்கென்று வைத்திருந்த நகைகள் எத்தனை வீடுகளில் அரிசியும் மின்கட்டணமுமாகக் கரைந்தன என்பது எந்தச் சுட்டெண்ணிலும் வராது.

மின்கட்டணம் என்றதும் ஒரு பில்லைக் கிட்டவாகப் பார்க்கலாம். இரண்டு லைற், ஒரு விசிறி, ஒரு போன் சார்ஜர் உள்ள வீடு மாதம் 30 யுனிற் எரிக்கிறது என்று வைப்போம். 2022 ஓகஸ்டுக்கு முன் யுனிற்றுக்கு 2.50 ரூபா, நிலையான கட்டணம் 30 ரூபா. மொத்தம் 105 ரூபா. ஓகஸ்டில் யுனிற் 8 ரூபா, நிலையான கட்டணம் 120. மொத்தம் 360. 2023 பெப்ரவரியில் யுனிற் 30 ரூபா, நிலையான கட்டணம் 400. மொத்தம் 1,300 ரூபா. ஏறத்தாழ ஆறே மாதத்தில் 105 ரூபா 1,300 ஆனது. அதிகம் எரித்தவரின் பில்லும் ஏறியது, ஆனால் பன்னிரண்டு மடங்கு ஏறியது ஆகக் குறைவாக எரித்தவருக்குத்தான். செலவுக்கு ஏற்ற விலை வைக்கவேண்டும் என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதை ஒரே மூச்சில், ஆக ஏழை வீட்டின் மேல், வேறு கைகொடுப்பு எதுவும் தயாராகாத நேரத்தில் செய்ததில் நியாயம் இல்லை. வறிய குடும்பங்களுக்கான அஸ்வெசும கொடுப்பனவு தொடங்கியது 2023 ஜூலையில். பில் வந்தது பெப்ரவரியில். நடுவில் லட்சக்கணக்கான வீடுகளின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. பிறகு இந்தக் கட்டணத்தைக் குறைத்தார்கள் என்பதும் உண்மை. துண்டித்த இணைப்பைத் திரும்ப எடுக்கவும் தனியாகக் காசு கட்டவேண்டியிருந்தது.

"நாங்கள் இதைவிடப் பெரிசாக் கண்டனாங்கள்" என்று எங்கள் பெரியவர்கள் அந்த நாட்களில் அடிக்கடி சொன்னார்கள். போர் திரும்ப மூண்ட 1990 ஜூனுக்குப் பிறகு பல வருடம் யாழ்ப்பாணத்துக்குக் கரண்டு இல்லை. எரிபொருள், பற்றரி, சீமெந்து, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலில் திரி போட்டு விளக்கெரித்துப் படித்தவர்கள், பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தவர்கள், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடவைத்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கெட்டித்தனத்தை மதிக்கிறேன். ஆனால் அதை வைத்து 2022ஐச் சின்னது என்று சொல்வதை ஏற்க முடியவில்லை. அன்றைய வீட்டுக்கு மாதாமாதம் கட்டும் தவணை இல்லை. விறகு அடுப்பு, கிணறு, மாடு, முற்றத்து முருங்கை இருந்தன. இன்றைய வீட்டில் காஸ் அடுப்பும் மோட்டர் போட்ட கிணறும் லீசிங்கும் நுண்கடனும் பிள்ளையின் ரியூசன் காசும். காசு நின்றால் எல்லாம் சேர்ந்து நிற்கிறது.

அதற்கும் முந்திய ஒரு காலத்தோடு ஒப்பிட்டால் இன்னும் விளங்கும். சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமராக இருந்த 1970 முதல் 77 வரையான சிறிமா காலத்தில் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. பாணுக்கு வரிசை, அரிசி கொண்டுபோகத் தடை, மரவள்ளிக்கிழங்குச் சாப்பாடு என்று தென்னிலங்கையும் மலையகமும் வாடின. அதே நேரம் வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராததால் யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது, கல்வீடுகள் எழும்பின. 2021இலும் 22இலும் கூட இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தது, உள்ளூர் விவசாயி எழும்பவில்லை. தடை உரத்துக்கும் சேர்ந்து வந்ததும், இறைக்க எண்ணெய் இல்லாததும்தான் காரணம். சந்தையில் வெங்காயத்துக்கு நல்ல விலை போனது, அவரிடம் விற்க வெங்காயம் இல்லை.

இனி உழைப்பு. 2022 இல் பொருளாதாரம் 7 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. அரசாங்கம் தன் ஊழியர்களுக்கு எடுத்த இரண்டு முடிவுகளே நிலைமையைச் சொல்லும். அந்த ஜூனில், வெள்ளிக்கிழமை லீவெடுத்து வீட்டுத் தோட்டம் செய்யுங்கள் என்றது. சம்பளம் இல்லாத லீவில் ஐந்து வருடம் வரை வெளிநாடு போய் உழைக்கலாம் என்றும் வழி திறந்தது. சனம் இரண்டாவதைத்தான் பிடித்துக்கொண்டது. 2022 இல் வழங்கப்பட்ட கடவுச்சீட்டுகள் 9 லட்சத்தைத் தாண்டின. வெளிநாட்டு வேலைக்கென்று பதிவு செய்து போனவர்கள் மட்டும் 3 லட்சத்துக்கும் மேல். வைத்தியர், தாதியர், விரிவுரையாளர் என்று போனவர்களைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. போகாமல் நின்றவர்களைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறோம். பகலில் பாடசாலையிலோ கந்தோரிலோ வேலை, பின்னேரம் ஓட்டோ ஓட்டுவது, ரியூசன் கொடுப்பது, ஞாயிற்றுக்கிழமை கேக் அடித்து விற்பது. 100 ரூபாச் சம்பளத்துக்கும் 170 ரூபாச் செலவுக்கும் இடையிலான இடைவெளியை அநேக வீடுகள் அடைத்தது இப்படித்தான், கூடுதல் மணித்தியாலங்களால்.

சேமிப்பு என்ன ஆனது? தனியார்துறையில் உழைப்பவருக்கு முதுமைக்கென்று பெரும்பாலும் இருப்பது ஊழியர் சேமலாப நிதிதான். அதில் 10 லட்சம் ரூபா வைத்திருந்த ஒருவருக்கு 2022க்கு 9 சதவீத வட்டி. 10 லட்சம் 10 லட்சத்து 90 ஆயிரம் ஆனது. அந்த செப்டெம்பர் வரையான பன்னிரண்டு மாதத்தில் விலைகள் 70 சதவீதம் ஏறியதால் அந்தத் தொகையால் வாங்கக்கூடியது, முந்திய வருட விலையில் ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரத்துக்கான சாமான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், ஒரு ரூபாவும் எடுக்காமல், கரைந்துவிட்டது. சரி, இது விலையேற்றத்தின் வேலை. 2023 ஜூலையில் உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது வங்கிகளின் கையிலிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கம் எடுத்த நீண்டகாலக் கடனுக்கான பத்திரங்களை, தொடவில்லை. சேமலாப நிதிகளின் முறிகளைத்தான் மாற்றினார்கள்: 2025 வரை 12 சதவீத வட்டி, அதன்பிறகு முதிர்வு வரை 9 சதவீதம். மாறச் சம்மதிக்காவிட்டால் நிதியின் வருமானத்துக்கான 14 சதவீத வரி 30 ஆகும் என்றார்கள். வெளிச்சந்தையில் அரசாங்கத்தின் குறுகிய காலக் கடன்பத்திரங்களான திறைசேரி உண்டியல்களுக்கு 30 சதவீதத்தைத் தாண்டி வட்டி போய் அதிக காலம் ஆகியிருக்கவில்லை. வங்கிகள் விழுந்தால் எல்லோரும் விழுவோம் என்ற வாதம் எனக்கு விளங்குகிறது. ஆனால் ஒரு பாரத்தை இறக்கிவைக்க இடம் தேடும்போது தையல் ஆலைப் பெண்ணின் முதுமைக் காசுதான் முதலில் கண்ணில் பட்டது என்பதை மறக்க முடியவில்லை.

கடைசியாகச் சம்பளம், தொடக்கத்தில் கேட்ட கேள்வி. தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 2021 இல் 12,500 ரூபா. விலைகள் உச்சத்துக்கு ஏறிய 2022 இலும் 2023 இலும் அது அசையவில்லை. 2024 இல் 17,500, 2025 ஏப்ரலில் 27,000. அந்த உயர்வோடு சம்பளம் விலையேற்றத்தை எட்டிப்பிடித்தது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும், நல்ல காரியம். ஆனால் நடுவில் போன மூன்று வருடத்தை யாரும் நிலுவையாகக் கொடுக்கவில்லை. அரச ஊழியர்களுக்கு 2022 தொடக்கத்தில் 5,000 ரூபாவும் 2024 இல் 10,000 ரூபாவும் கொடுப்பனவாகக் கூடியது. 2023 ஜனவரியிலிருந்து மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் எடுப்பவரிடம் 6 முதல் 36 சதவீதம் வரை வரியும் பிடிக்கத் தொடங்கினார்கள்.

தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கணக்கு இன்னும் துல்லியமாகத் தெரியும். பல வருடப் போராட்டத்துக்குப் பிறகு 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அந்த ஆயிரத்தைக் கையில் வாங்கி ஆறுதல் அடைய ஒரு வருடம்கூட இருக்கவில்லை. லயத்து வீட்டில் காலைக்கும் மத்தியானத்துக்கும் கோதுமை மா ரொட்டிதான், அந்த மாவின் விலை அரிசியைவிட மோசமாக ஏறியது. 1,000 ரூபா வாங்கியவருக்கு 2022 செப்டெம்பரில் பழையபடி வாழ வேண்டுமானால் குறைந்தது 1,700 வேண்டும். சம்பளம் 1,350 ஆனது 2024 செப்டெம்பரில். 1,550 ரூபாவும், வேலைக்கு வரும் நாளுக்கு அரசாங்கம் சேர்க்கும் 200 ரூபாவுமாக 1,750 என்று அறிவித்தது 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில். 2021 மார்ச்சில் நின்ற அதே இடத்துக்குத் திரும்பிவர ஏறத்தாழ ஐந்து வருடம். அதுவும் முழுப் பேர் விழுந்தால்தான், அதாவது முழு நாள் வேலை என்று பதிவானால்தான். தோட்டம் கேட்கும் கிலோ கொழுந்து நிறையாவிட்டால் அன்றைக்கு அரைப் பேர், அரைச் சம்பளம். உரத் தடைக்குப் பிறகு மலைகளில் கொழுந்து குறைந்ததால் முழுப் பேர் எடுப்பது முன்பைவிடக் கடினமாகிவிட்டது.